எத்தனையாவது தடவை?

“குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?” 2024 ஜூன் கடைசியில் இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு வாட்ஸப் குழுவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மீமாக, வாய்ஸ் நோட்டாக, வரி கட்டுகிறவனின் கோபமாக. அதே வாரத்தில் இன்னொரு வாக்கியமும் சுற்றியது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களின் படத்துக்குக் கீழே, “பாவம் அந்த ஜனங்க, எது வந்தாலும் தாங்கிக்கிட்டு எழுந்துடுவாங்க” என்று. முதலாவது கல்நெஞ்சு, இரண்டாவது இரக்கம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் படுகிறது. செத்தவர்களுக்கு என்ன நடந்தது என்ற கேள்வியை எடுத்து, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற கேள்வியாக மாற்றிவிடுகின்றன. ஒன்று கெட்ட குணம் என்கிறது, மற்றது நல்ல குணம் என்கிறது. விஷயம் குணத்தில் போய் நின்றுவிட்டால் அதற்குமேல் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

முதல் வாக்கியத்தோடு சண்டை போடுவது சுலபம். நிறையப் பேர் போட்டுவிட்டார்கள். இரண்டாவதைத்தான் யாரும் தொடுவதில்லை, ஏனென்றால் அது பாராட்டு. தொண்டு நிறுவன அறிக்கைகளில் இப்போது ‘மீள்திறன்’ என்று ஒரு சொல் வந்துவிட்டது. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நடந்தது.

கருணாபுரம் ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும் இடமில்லை. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தலித் குடியிருப்பு. 2024 ஜூன் 18 அன்று அங்கே விற்ற பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் இருந்தது. மெத்தனால் உடனே கொல்லாது. குடித்ததும் சாதாரணப் போதைதான் வரும். அதற்குப் பிறகு கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம்தான் பார்வை நரம்பைக் கெடுக்கிறது, இரத்தத்தைப் புளிக்க வைக்கிறது, மூச்சை நிறுத்துகிறது. இதற்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். குடித்தவர் தூங்கி எழுந்து, ‘வயிறு சரியில்ல, கண்ணு மங்கலாத் தெரியுது’ என்று சொல்லும்வரை ஒரு இடைவெளி இருக்கிறது. மாற்றுமருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்க வழி உண்டு.

19-ஆம் தேதி முதல் சாவுகள் விழுந்தபோது, சாராயம் காரணமில்லை என்றுதான் மாவட்ட நிர்வாகத்தின் தரப்பில் சொல்லப்பட்டது. சாவு வீட்டுக்கு வந்தவர்களிலும் சிலர் அதே பாக்கெட்டைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. பெண்களும் செத்தார்கள். கடைசியில் எண்ணிக்கை 65-ஐத் தாண்டியது. அந்த இடைவெளியில் உண்மையை ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட என்னிடம் வழியில்லை. ஆனால் ‘தாங்கிக்கிட்டு எழுந்துடுவாங்க’ என்கிறவர்கள் அந்த இடைவெளியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தாங்கும் சக்திக்கு எந்த வேலையும் இல்லை. ‘எல்லாம் சரியாகிடும்’ என்று வயிற்றுவலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தவர்கள்தான் அதிக ஆபத்தில் இருந்தவர்கள்.

இது முதல் தடவையும் இல்லை. சரியாகப் பதின்மூன்று மாதங்களுக்கு முன்னால், 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இதே மெத்தனாலில் செத்தார்கள். அப்போதும் குடும்பத்துக்குப் பத்து லட்சம். அப்போதும் அதிகாரிகள் இடைநீக்கம், வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றம், மாநிலம் முழுக்க ரெய்டு, சில நாளில் ஆயிரக்கணக்கில் கைது. 2024-லும் பத்து லட்சம், இடமாற்றம், இடைநீக்கம், சிபிசிஐடி, ஒரு நபர் ஆணையம், மதுவிலக்குச் சட்டத்தில் ஆயுள் தண்டனைவரை திருத்தம். அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ-க்கு மாற்றியது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதையும் தப்பு என்று சொல்ல முடியாது. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஏதோ உறுத்துகிறது.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் இருக்கிறது. சர்வர் விழுந்தால் அது ‘இன்சிடென்ட்’. ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் அடிக்கும், எழுந்து ரீஸ்டார்ட் செய்வோம், சரியாகிவிடும், டிக்கெட்டை மூடிவிட்டுத் தூங்குவோம். அதே சர்வர் மூன்றாவது தடவை விழுந்தால் அதற்கு வேறு வகை டிக்கெட் திறக்க வேண்டும், ‘ப்ராப்ளம்’ என்று. இன்சிடென்ட் டிக்கெட்டின் கேள்வி ‘எவ்வளவு சீக்கிரம் எழுப்பினாய்?’ ப்ராப்ளம் டிக்கெட்டின் கேள்வி ‘ஏன் திரும்பத் திரும்ப விழுகிறது, யார் இதற்குப் பொறுப்பு?’ முதலாவதை மூடுவது எளிது. இரண்டாவது மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும், மேலே இருப்பவர்களுக்கு எரிச்சல் தரும். அதனால் மூன்றாவது தடவை விழுந்ததையும் புதிய இன்சிடென்டாகவே பதிவுசெய்யும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

‘மீள்திறன்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு சிஸ்டம் அடி தாங்க வேண்டுமென்றால், அதை வடிவமைக்கிறவன் பணம் செலவழித்து இன்னொரு சர்வரை வாங்கி வைக்க வேண்டும், மின்சாரத்துக்கு மாற்று வழி வைக்க வேண்டும். தாங்குவது சிஸ்டத்தின் குணம், அதைக் கொடுப்பது கட்டுகிறவனின் கடமை. அடி வாங்கும் சர்வரைப் பார்த்து ‘என்ன ஒரு மனவுறுதி!’ என்று எந்த எஞ்சினியரும் கண் கலங்குவதில்லை. சமூகத்துக்கு வரும்போது மட்டும் இது தலைகீழாகிவிடுகிறது.

கருணாபுரத்துக்குப் பிறகு போலீஸ் எங்கே போனது? மேற்கே, மலைக்கு. கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை, அதற்குமேல் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம், வெள்ளிமலை தாலுகா தலைமையிடம். இன்னொரு பக்கம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்து கேரளாவை நினைக்க வேண்டாம், மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்தது. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடம் வழங்கும் கதை. சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய்.

மலையில் சாராயம் காய்ச்சுவது உண்மை. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சுவார்கள். ‘கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு’ என்ற செய்தி பல வருடங்களாக நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ராசிபலன் மாதிரி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் கருணாபுரத்தில் கொன்றது ஊறல் இல்லை. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால். அது மலையில் விளைவதுமில்லை, பேரலில் ஊறுவதுமில்லை. சமவெளியில் லாரியில் வருகிறது, உரிமம் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து கசிகிறது. அப்படியிருக்க சாவுக்குப் பிறகு முதலில் உடைபட்டது மலையின் பானை. அந்தப் பானை சட்டவிரோதமானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உடைத்தவர்கள் செய்தது ரீஸ்டார்ட்.

வெள்ளிமலையில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். வருடங்களை அவர் எண்ணால் சொல்லவில்லை. “அது பட்டா குடுக்கறோம்னு எழுதிக்கிட்டுப் போன வருஷம் தம்பி.” “அது ஊரலு ஒடைக்க வந்தவங்க எங்க மாட்டுத் தண்ணிப் பானையவும் ஒடைச்சிட்டுப் போன வருஷம்.” “எந்த வருஷம்ங்கய்யா அது?” என்று கேட்டால் யோசித்துவிட்டு, “ரெண்டு மூணு வாட்டி வந்தாங்களே” என்றார். நமக்கு அது நிகழ்ச்சி. அவருக்கு அது பருவம்.

இந்த மலையின் கணக்கை யாராவது ஒரே தாளில் எழுதினால் எப்படி இருக்கும்? சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள் மலையை வைத்திருந்தன. நாடு சுதந்திரமடைந்தும் ஜாகிர்முறை போகவில்லை. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசு அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஜனநாயகம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த காலத்தில்தான் இந்த மலைக்குச் சுதந்திரத்தின் ஒரு துண்டு வந்தது என்பதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பிறகு நிலத்துக்கு வனத்துறையோடு இழுபறி. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது, தமிழ்நாட்டில் அது பல வருடம் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் முடங்கிக் கிடந்தது.

மேற்கே ஒட்டினாற்போலச் சித்தேரி மலை, அதன் அடிவாரத்தில் வாச்சாத்தி. அங்கேயும் இதே மக்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனமரத்தைத் தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்த ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தண்டனைத் தீர்ப்பு 2011-ல், உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-ல். அதற்குள் மரம் மாறிவிட்டது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையூர்களைச் சேர்ந்தவர்கள்தான் பெரும்பாலும். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. கருமந்துறைப் பக்கத்துக்காரர்கள், கல்வராயன் மலை. பிறகு 2024.

இவற்றுக்குள் நேரடித் தொடர்பு இல்லை என்று சொல்லலாம். ஜாகிர் வேறு, சந்தனம் வேறு, செம்மரம் வேறு, சாராயம் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி கோப்பு, தனி துறை, பாதி இன்னொரு மாநிலத்தில். அதுதான் சிக்கல். தன் நிலத்துக்குக் காகிதம் இல்லாத, மழையை நம்பிய, வேலைக்கு ஏஜெண்டின் அட்வான்ஸை நம்பிய ஒரு மலை, சட்டத்துக்கு வெளியே இருக்கும் எந்தச் சரக்குக்கும் மலிவான கைகளைத் தரும் இடமாக ஆகிவிடுகிறது. சரக்கு மாறும், கை மாறாது. பேரிடர் என்றால் புயல், வெள்ளம் என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். இங்கே அது வெவ்வேறு வேஷத்தில் வருகிறது. பேரை வைத்துத் தேடினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் தெரியும்.

ஜூடித் ஷ்க்லார் என்ற அரசியல் சிந்தனையாளர் 1990-ல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் இதைத்தான் துருவினார். எது துரதிர்ஷ்டம், எது அநீதி? பூகம்பம் துரதிர்ஷ்டம், கொலை அநீதி என்று கோடு போட்டுவிடலாம் என்று தோன்றும். அவர் அந்தக் கோட்டை அவ்வளவு எளிதாக விடவில்லை. தடுத்திருக்க முடியும், தடுக்க மனமில்லை என்றால் துரதிர்ஷ்டமும் அநீதியாகிவிடும் என்றார். சும்மா பார்த்துக்கொண்டிருப்பதையும் அநீதியின் ஒரு வகையாகச் சேர்த்தார். ரிகாவில் பிறந்து, சிறுமியாக ஐரோப்பாவை விட்டுத் தப்பிய யூதப் பெண் அவர். கோடு எங்கே விழுகிறது என்று பாதிக்கப்பட்டவரை முதலில் கேட்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதில் வியப்பில்லை.

ஷ்க்லாரின் கோட்டோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன்: எண்ணிக்கை. முதல் தடவை நடப்பதை விபத்து என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்கலாம். இரண்டாவது தடவை நடக்கும்போது அறிவு இருக்கிறது, எப்படி நடக்கும் என்று தெரியும். எக்கியார்குப்பத்துக்குப் பிறகு மெத்தனால் எந்தக் கணக்கிலிருந்து கசியும் என்று தெரியும். அதனால் அதே செயல், அதே சாவு, இரண்டாவது தடவை வேறொரு ஒழுக்கப் பொருளைப் பெறுகிறது. ‘மறுபடியும்’ என்ற சொல் ஒரு குற்றச்சாட்டு. தாங்கும் சக்தியைப் பாராட்டுகிற வாக்கியத்தில் நடப்பதைப் பாருங்கள். அங்கேயும் ‘மறுபடியும்’ இருக்கிறது, ஆனால் ‘மறுபடியும் எழுந்தார்கள்’ என்று. விழ வைத்தவர்களின் கணக்கில் போக வேண்டிய எண், விழுந்தவர்களின் பெருமைக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. கனடாவின் வடக்கே, ஆல்பனி ஆற்றங்கரையில் கஷெச்செவன் என்று க்ரீ பூர்வகுடிகளின் ஊர் இருக்கிறது. தரை வழியாக வருடம் முழுக்கப் போய்வரச் சாலை கிடையாது. பனி உடையும் வசந்தத்தில் ஆறு பொங்கும் என்று, ஏறக்குறைய வருடாவருடம் மக்களை விமானத்தில் ஏற்றித் தெற்கே இருக்கும் நகரங்களின் ஓட்டல்களில் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். 2005-ல் குடிநீரே கெட்டு ஊர் காலியானது. வெள்ளச் சமவெளியில் ஊர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மேட்டுக்கு மாற்ற 2019-ல் அரசுகளோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பிறகும் வசந்தத்தில் விமானங்கள் வந்தன. அங்கே பிறந்த குழந்தைக்கு ஊரைக் காலி செய்வது என்பது பள்ளி ஆண்டின் ஒரு பகுதி. பணக்கார நாடு, நல்ல விமானம், நல்ல ஓட்டல். டிக்கெட் மட்டும் இன்சிடென்ட்தான்.

சரி, தமிழில் தாங்குவதைப் பற்றி நமக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? துன்பத்தில் கலங்காமல் இருப்பதற்கென்றே வள்ளுவர் ஒரு அதிகாரம் வைத்திருக்கிறார், இடுக்கண் அழியாமை. பள்ளியில் இதை நமக்கான அறிவுரையாகப் படித்தோம், தேர்வில் தோற்றால் மனம் உடையாதே என்று. இந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், பரிமேலழகர் வகுப்பில் அரசியல் என்ற இயலின் கடைசியில், 63-ஆவது அதிகாரமாக. இறைமாட்சியில் தொடங்கி, செங்கோன்மை, கொடுங்கோன்மை எல்லாம் பேசி முடித்துவிட்டு, ஆள்கிறவனுக்கு வேண்டிய கடைசிக் குணமாக அது வருகிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. பொது அறிவுரையாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் முதல் விலாசம் அரண்மனை. இடர் வந்தாலும் ஆள்வினையைக் கைவிடாதே என்று ஆட்சியாளனுக்குச் சொன்னதை எடுத்து, ஆட்சியால் இடர்ப்பட்டவனின் வாசலில் போய் ஒட்டியிருக்கிறோம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் ஒன்று மீமில் இருக்கிறது. குடிக்காமல் இருந்திருக்கலாமே? செம்மரம் வெட்டப் போகாமல் இருந்திருக்கலாமே? 2015 தெரியும், 2018 தெரியும், அப்புறமும் போனால் யார் பொறுப்பு? இதை மேம்போக்கான கேள்வி என்று நான் ஒதுக்க மாட்டேன். தேர்வு என்று ஒன்று இருக்கிறது, இல்லையென்றால் அவர்களை மனிதர்களாகவே நாம் மதிக்கவில்லை என்றாகும். ஆனால் தேர்வின் விலையையும் பார்க்க வேண்டும். இந்த மாநிலத்தில் மது விற்கும் உரிமை அரசிடம்தான் இருக்கிறது. டாஸ்மாக் வருமானம் வருடத்துக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. குடிப்பது நமக்குக் குற்றமில்லை, வருவாய். கருணாபுரத்தில் பாக்கெட் விலை டாஸ்மாக் குவார்ட்டரில் பாதிகூட இல்லை. மூட்டை தூக்கி, சாக்கடை அள்ளி, உடம்புவலியோடு வீட்டுக்குப் போகிறவர் அந்த வித்தியாசத்துக்குள் தேர்ந்தெடுத்தார். என்னைப் போன்ற ஐடி ஆள் வெள்ளிக்கிழமை ராத்திரி பப்பில் குடிப்பதும் தேர்வுதான். எனக்குத் தரப்பட்ட கோப்பையில் மெத்தனால் இருக்காது என்ற உத்தரவாதம் யார் தந்தது? என் ஒழுக்கம் தரவில்லை, என் சம்பளம் தந்தது.

இன்னொரு மறுப்பு எனக்கு உண்மையிலேயே கஷ்டமானது. தாங்கும் சக்தியைப் பாராட்டாதே என்றால், அந்த மக்களிடம் மிச்சம் என்ன? பலியானவர்கள் என்ற ஒற்றை அடையாளம் மட்டும்தானா? கருணாபுரத்தில் கணவனையும் மாமனாரையும் ஒரே வாரத்தில் புதைத்துவிட்டு, பிள்ளைக்கு யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கப் போன பெண்கள் இருந்திருப்பார்கள். வாச்சாத்திப் பெண்கள் முப்பது வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள், விடவில்லை. அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். ஆனால் வாச்சாத்திப் பெண்கள் செய்ததைத் தாங்குதல் என்று சொன்னால் அது பொய். அவர்கள் தாங்க மறுத்தார்கள். சாட்சிக் கூண்டில் ஏறி, இவன், இவன், இவன் என்று கை நீட்டினார்கள். அவர்கள் கேட்டது ‘எத்தனை பேர், யார் யார்’ என்ற கணக்கை. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், தீர்ப்பு வருவதற்குள் செத்துப்போன 54 பேரைத் தவிர மீதி 215 பேருக்கும் தண்டனை. துணிச்சல், பிடிவாதம், அலைச்சல், பஸ் செலவு, கூலி இழப்பு என்று சொல்ல வேண்டிய சொற்கள் நிறைய இருக்கின்றன. ‘பாவம், தாங்கிக்கிட்டாங்க’ என்பது அவற்றில் எதுவுமில்லை. ஒருவரை மதிப்பது என்றால் அவர் செய்ததை அதன் சரியான பெயரால் சொல்வதிலாவது தொடங்கலாம்.

யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்த பெண்ணின் செயலுக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. வேலை என்று சொல்லலாமா? யாரோ உடைத்ததைச் சம்பளமில்லாமல் ஒட்டும் வேலை. பேரிடர் நிவாரணத் தொகைகளில் இதற்கு ஒரு வரி கிடையாது.

கருணாபுரச் சாவுகளைத் தொடர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை எங்கே, பஸ் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விகள் அரசிடம் கேட்கப்பட்டன. நல்ல விஷயம். ஜாகிர் ஒழிந்து அப்போது 48 வருடம் ஆகியிருந்தது. மலையில் பிரசவ வலி கண்ட பெண்களை டோலி கட்டித் தூக்கிவந்த வருடங்களில் அந்தக் கேள்விகளுக்கு வழக்கு எண் கிடைக்கவில்லை. ஒண்டிமிட்டா ஏரியிலிருந்து ஐந்து உடல்கள் மலையேறியபோதும் கிடைக்கவில்லை. கீழே, வேறொரு சமூகத்தின் தெருவில், 65-க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான் மேலே போகும் ரோடு எப்படி இருக்கிறது என்று ஒரு நீதிபதி கேட்கும்படி ஆனது.